காலையில் குரோமைத் திறந்ததும் ஐந்து தளங்களும் தானாக வர என்ன செய்ய வேண்டும்?

உப்புவெளி_கரை:
திருகோணமலையில் ஒரு கொம்யூனிகேசன் கடை. கணனி மூன்று, எல்லாம் விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். இரண்டில் குரோம், ஒன்றில் பயர்பொக்ஸ். பரீட்சைத் திணைக்களம், குடிவரவு குடியகல்வு, வளிமண்டலவியல் திணைக்களம், ரயில் ஆசனப் பதிவு, கடை மெயில் ஆகிய ஐந்தும் காலையில் தானாகத் திறக்க வேண்டும். குரோமில் ஹோம் பேஜ் கொடுத்தும் வெறும் டேப்தான் வருகிறது. ஏன்?

கன்னியா_வெந்நீர்:
ஹோம் பேஜ் என்பது வீட்டுப் படத்தை அமத்தினால் வருகிற பக்கம் மட்டும்தான். குரோம் தொடங்கும்போது வருவதற்கு வேறு இடம் இருக்கிறது அண்ணா. முதலில் ஐந்து தளங்களையும் வேண்டிய ஒழுங்கில் திறந்து வையுங்கள். பிறகு வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், இடப்பக்கம் 'ஒன் ஸ்டார்ட்டப்'. அங்கே மூன்று தெரிவு இருக்கும். மூன்றாவதை எடுத்து 'யூஸ் கரண்ட் பேஜஸ்' கொடுங்கள். செட்டிங்ஸ் டேப்பைத் தவிர வேறு தேவையில்லாத டேப் எதுவும் அப்போது திறந்திருக்கக் கூடாது.

பயர்பொக்ஸில் செட்டிங்ஸ், ஹோம், 'கஸ்டம் யூஆர்எல்ஸ்'. முகவரிகளுக்கு நடுவில் நேர்கோட்டுக் குறி (|) போட வேண்டும். என்டருக்கு மேலே உள்ள கட்டையை ஷிஃப்டோடு அமத்தினால் அது வரும். கொமா போட்டால் வேலை செய்யாது. ஜெனரல் பகுதியில் பழைய டேப்களைத் திறக்கும் தெரிவில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஹோம் பக்கங்களுக்குப் பதிலாக முந்தைய டேப்களே வரும்.

நிலாவெளி_பாதை:
குரோமின் இரண்டாவது தெரிவு, அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர்வது, கொம்யூனிகேசனுக்குக் கூடவே கூடாது. வந்தவர் மெயிலிலிருந்து லொக் அவுட் செய்யாமல் குரோமை மூடிவிட்டுப் போனால், அடுத்த முறை அந்த டேப் அவருடைய கணக்கோடேயே திறக்கும். வழக்கமாக மூடியதும் அழிய வேண்டிய தற்காலிகக் குக்கிகளையும், அதாவது லொகினை நினைவில் வைக்கும் சிறு பதிவுகளையும், அந்தத் தெரிவு வைத்திருக்கும். ஆட்களின் அடையாள அட்டை, பாஸ்போட் விபரம் எல்லாம் புழங்கும் இடம், இதில் கவனம் வேண்டும். வாடிக்கையாளர்களுக்குக் கெஸ்ட் விண்டோவைத் திறந்து கொடுப்பதுதான் பாதுகாப்பு. அதை மூடியதும் உள்ளே பார்த்த பக்கங்களின் பதிவும் குக்கிகளும் அழிந்துவிடும்.

உப்புவெளி_கரை:
நன்றி, குரோம் சரிவந்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் மறுநாள் 'செஷன் எக்ஸ்பயர்ட்' என்று வருகிறது. கணனியைப் போட்டதும் குரோமும் தானாகத் திறக்குமா?

கன்னியா_வெந்நீர்:
லொகின் செய்த பிறகு உள்ள முகவரியைச் சேமித்திருப்பீர்கள். அதில் அந்த லொகினுக்கு மட்டும் செல்லுபடியாகிற நீண்ட எழுத்துக் கோவை ஒட்டியிருக்கும். அந்த வரியை அழித்து, 'அட் எ நியூ பேஜ்' மூலம் தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் போடுங்கள். கடல் எச்சரிக்கை பார்க்கிற பக்கத்துக்கும் இதே முறைதான். திகதி உள்ள முகவரியைப் போட்டால் வாடைக்காலத்தில் மீன்பிடிக்காரருக்குப் பழைய அறிவித்தலைக் காட்டியவர்களாகிவிடுவோம்.

தானாகத் திறக்க: விண்டோஸ் கட்டையோடு ஆர் அமத்தி, வரும் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்டப் மூன்றையும் இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் (shell:startup) அடித்து என்டர். திறக்கும் போல்டருக்குள் குரோம் ஷோர்ட்கட்டின் பிரதியை ஒட்டுங்கள். கரண்ட் வந்ததும் கணனியையும் ரவுட்டரையும் ஒன்றாகப் போட்டால், வைஃபை இணைய முன்னமே குரோம் திறந்து இணையம் இல்லை என்று காட்டும். ரவுட்டரை முதலில் போட்டு, அதன் விளக்கு நிலைத்து எரிந்த பிறகு கணனியைப் போடுங்கள்.

நிலாவெளி_பாதை:
4 ஜிபிக்கு ஐந்து டேப் தாங்கும், அதற்கு மேல் சேர்க்க வேண்டாம். எப்போதாவது தேவைப்படுபவற்றைப் புக்மார்க் பாரில் ஒரு போல்டராக வையுங்கள். அதில் ரைட் கிளிக் செய்து 'ஓப்பின் ஓல்' கொடுத்தால் ஒன்றாகத் திறக்கும். கேட்காத தளம் ஏதாவது தொடக்கத்தில் வந்தால் 'ஒன் ஸ்டார்ட்டப்' பகுதியைப் பாருங்கள். ஏதாவது எக்ஸ்டென்ஷன் அதைப் பிடித்திருந்தால் அதன் பெயர் அங்கேயே தெரியும், பக்கத்தில் 'டிசேபிள்' இருக்கும்.