ஒரு காடை முட்டை ஐந்து கோழி முட்டைக்குச் சமமா? தராசில் வைத்துப் பாருங்கள்

தராசுத்தட்டு:
வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்காகக் காடை வளர்ப்பது பற்றி நேற்று ஒருவர் கேட்டிருந்தார். காடைக்காவலன் தந்த பதில் இது: "ஐந்தே காடை போதும். ஒரு காடை முட்டை ஐந்து கோழி முட்டைக்குச் சமம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு வேறு முட்டையே வேண்டாம்." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இன்று சாயங்காலம் கூண்டில் எடுத்த ஐந்து முட்டையை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். 11, 10, 12, 11, 10. கூட்டினால் 54 கிராம். அப்புறம் ஒரே ஒரு கோழி முட்டையை வைத்தேன். 56 கிராம். ஐந்து காடை முட்டை சேர்ந்தும் ஒரு கோழி முட்டையை எட்டவில்லை. ஐந்து என்ற எண்ணை எங்கேயோ கேட்டிருக்கிறீர்கள், அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

இதை நம்பி ஐந்து காடை வாங்குகிறவர் ஒரு மாதத்தில் ஏமாந்துபோய்ப் பறவைகளை யார் தலையிலாவது கட்டிவிடுகிறார். இல்லையென்றால் தீவனத்தைக் குறைக்கிறார். கடைசியில் அவதிப்படுவது அந்தப் பறவைதான்.

காடைக்காவலன்:
நான் சொன்னது சத்தை. நீங்கள் எடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாகக் காடை வளர்க்கிறேன். நீங்கள் தராசு வாங்கி எத்தனை நாள் ஆகிறது? இரும்புச்சத்தும் பி12-உம் காடை முட்டையில்தான் கூடுதல். அதை யாரும் மறுக்க முடியாது. ஒன்றுக்கு ஐந்து என்று சொன்னேன், சொன்னது சொன்னதுதான்.

தராசுத்தட்டு:
கூடுதல்தான், மறுக்கவில்லை. எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். 100 கிராமுக்கு இரும்பு காடை முட்டையில் 3.65 மில்லிகிராம், கோழி முட்டையில் 1.75. பி12 இதில் 1.58 மைக்ரோகிராம், அதில் 0.89. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐந்து மடங்கு எங்கே இருக்கிறது? புரதம் இரண்டிலும் 13 கிராமை ஒட்டித்தான். கொழுப்பைப் பற்றியும் பேசுங்கள்: கொலஸ்ட்ரால் காடை முட்டையில் 844 மில்லிகிராம், கோழி முட்டையில் 372.

இதெல்லாம் சம எடைக்குக் கணக்கு. நீங்கள் சொன்னதோ ஒரு முட்டைக்கு. ஓடு போனால் ஒரு காடை முட்டையில் மிஞ்சுவது 9 கிராம். அதில் இரும்பு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரு கோழி முட்டையில் 0.9 வரை இருக்கிறது. ஆக ஒன்றுக்கு ஒன்று வைத்தால், நீங்கள் தூக்கிப் பிடிக்கிற இரும்பிலேயே கோழிதான் முன்னால் நிற்கிறது.

பரண்மேல்:
இருவரும் கோபப்பட வேண்டாம். சமம் என்றால் எதில் சமம்? எடையிலா, சத்திலா, தீவனத்திலா? அதை முதலில் பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடுமே.

காடைக்காவலன்:
பரண்மேல் தம்பி, சமம் என்றால் சமம். அதற்கு அகராதி தேவையில்லை. தராசுக்காரரே இரண்டு மடங்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டார். இன்னும் நாலு நாள் படித்தால் ஐந்துக்கு வந்துவிடுவார்.

தராசுத்தட்டு:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். ஐந்து காடை முட்டை, ஒரு கோழி முட்டை. 54-உம் 56-உம். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

முல்லைப்பந்தல்:
நேற்றுக் கேட்டது நான்தான். வீட்டுக்குப் பின்னால் மரத்தடியில் ஆறடி நீளம், மூன்றடி அகலம் இடம் இருக்கிறது. எத்தனை காடை வைக்கலாம்? ஆண் காடை கத்தும் என்கிறார்களே, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாக இருக்குமா? யாராவது இதற்குப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

கிணற்றடி:
அம்மா, காடைக்காவலனிடம் மட்டும் கேட்காதீர்கள். போன மழைக்காலத்தில் "காடை தானே அடைகாக்கும், முட்டையைக் கூண்டிலேயே விடுங்கள்" என்று எழுதினார். நம்பி இருபது முட்டையை விட்டேன். ஒரு பெட்டைகூட உட்காரவில்லை. முட்டை மேலேயே மிதித்துக்கொண்டு நடந்தன. மூன்றாவது வாரம் ஒன்று வெடித்து, தோட்டம் முழுக்க நாற்றம். அதைக் கேட்டபோது இவர் பதிலே எழுதவில்லை. நான் இன்னும் மறக்கவில்லை.

காடைக்காவலன்:
என் காடைகளில் ஒன்று அடையில் உட்கார்ந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். உங்கள் கூண்டில் மறைவு இருந்ததா, வைக்கோல் இருந்ததா என்று நீங்கள் சொல்லவே இல்லை. வளர்க்கத் தெரியாதவர் பறவையைக் குறை சொல்கிறார்.

கிணற்றடி:
வைக்கோலும் இருந்தது, மறைவும் இருந்தது.

தராசுத்தட்டு:
கிணற்றடி அண்ணன் சொல்வது சரி. வீட்டில் வளர்க்கிற ஜப்பானியக் காடைக்கு அடை உட்காரும் குணம் தலைமுறை தலைமுறையாக மங்கிப்போய்விட்டது. நூற்றில் ஒன்று உட்காரலாம். அதை எல்லோருக்கும் விதியாகச் சொல்லக் கூடாது. குஞ்சு வேண்டுமானால் பொரிப்பான் வேண்டும். 37.5 டிகிரியில் 17, 18 நாளில் பொரிக்கும். குஞ்சு பெருவண்டு அளவுதான் இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போடாவிட்டால் ஒரு விரல்கடைத் தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துவிடும். என் முதல் தொகுதியில் நான்கை அப்படித்தான் இழந்தேன். காலையில் போய்ப் பார்த்தபோது கிண்ணத்துக்குள் ஈரப்பஞ்சு போலக் கிடந்தன. அன்றிலிருந்து கூழாங்கல் இல்லாமல் கிண்ணம் வைத்ததில்லை.

முல்லைப்பந்தல், உங்களுக்குக் கணக்குச் சொல்கிறேன். தினம் இரண்டு கோழி முட்டைக்கு ஈடு வேண்டும் என்றால் தினம் பத்துக் காடை முட்டை வேண்டும். எல்லாப் பெட்டையும் எல்லா நாளும் முட்டையிடாது. ஆக 12 அல்லது 13 பெட்டை. ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் தீவனம் என்றால் மொத்தம் 350 கிராம் போகும். அதிலும் 20 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். வெறும் தானியத்தைப் போட்டால் முட்டை நின்றுவிடும். ஐந்தை வைத்துக்கொண்டு நாலு பேருக்கு எப்படிக் காணும் என்று நீங்களே பாருங்கள். அப்புறம், முட்டைக்கு ஆணே தேவையில்லை. குஞ்சு பொரிக்கிற முட்டை வேண்டுமானால்தான் ஆண். ஆண் இல்லையென்றால் அந்தக் கத்தலும் இல்லை.

காடைக்காவலன்:
350 கிராம் தீவனம் என்று பயமுறுத்தி ஒரு பெண்ணைப் பின்வாங்கச் செய்கிறீர்கள். காடை ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். கோழிக்கு 18 வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 150 கிராம் பறவை 11 கிராம் முட்டை இடுகிறது. தன் எடையில் ஏழு சதவீதம்! எந்தக் கோழி அப்படி இடும்?

இன்னொன்று. 1990-இல் மீர் விண்வெளி நிலையத்தில் குஞ்சு பொரித்தது காடை முட்டைதான். அறிவியல் அறிஞர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசியுங்கள். ஒன்றுக்கு ஐந்து சத்து இல்லாமலா?

தராசுத்தட்டு:
விண்வெளிக்கும் ஐந்துக்கும் என்ன சம்பந்தம்? சின்னப் பறவை, குறைந்த இடம், சீக்கிரம் பொரிக்கிற முட்டை. அதற்காகத்தான் காடை. பொரித்த குஞ்சுகள் எடையற்ற நிலையில் நிலைகொள்ள முடியாமல் தவித்தன, அதையும் சேர்த்து எழுதுங்கள். கோழி முட்டையும் போயிருக்கிறது. 1989-இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் 32 கோழி முட்டை கொண்டுபோனார்கள்.

தன் எடையில் ஏழு சதவீதம் என்கிறீர்களே, நான் சொல்வதும் அதைத்தான். அவ்வளவு சின்ன உடம்பு தினமும் அவ்வளவு கொடுக்கிறது. அதற்குச் சுண்ணாம்புச்சத்து யார் கொடுப்பது? "ஐந்து போதும்" என்று ஆரம்பித்தவர்கள் எல்லாம், முட்டை போதவில்லை என்று அதே ஐந்தைப் பிழிகிறார்கள்.

நிழல்மரம்:
பிழிவது பற்றி நீங்கள் பேசலாமா, தராசுத்தட்டு? ராத்திரி விளக்குப் போட்டு முட்டை வாங்குகிறவர் நீங்கள். இரண்டு மாதத்துக்கு முன் நீங்களே எழுதினீர்கள். என் காடைகள் தரையில், மணலில் புரண்டு குளித்துக்கொண்டு வாழ்கின்றன. பகல் குறுகும்போது முட்டை நிற்கும், நிற்கட்டும். அவை ஓய்வெடுக்கிற காலம் அது.

நேற்று ஐந்து மணிக்கு ஒரு பெட்டை புல்லுக்குள் பதுங்கி முட்டையிட்டது. எழுந்து போனதும் தொட்டேன். ஓடு ஈரமாக இருந்தது. பழுப்புப் புள்ளி காயவில்லை, விரலில் மையாக ஒட்டிக்கொண்டது. அந்த நிறத்தை அது கடைசி நேரத்தில்தான் பூசுகிறது. ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு புள்ளி வரிசை, பார்த்தால் எது யாருடையது என்று சொல்லிவிடலாம். அந்த உயிரை 54, 56 என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

தராசுத்தட்டு:
விடியுமுன் இரண்டு மணி நேரம் ஒரு சின்ன விளக்கு. மொத்த வெளிச்சம் 14 மணி நேரம். மீதி பத்து மணி நேரம் இருட்டில் தூங்குகின்றன. ராத்திரி முழுக்க எரியவிடுகிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். உங்கள் கூண்டுப் படத்தை நானும் பார்த்தேன். கூரை இரண்டடி உயரம். காடை பயந்தால் நேராக மேலே பாயும். கூரை ஓரடிக்குள் இருந்தால் வேகம் எடுக்க முடியாது. ஆறடிக்கு மேல் இருந்தால் தலை எட்டாது. நடுவில் இரண்டடி வைத்தால்தான் மண்டை உடைகிறது. உயிர், உயிர் என்று சொல்லிவிட்டு இதைக் கவனிக்கவில்லையே.

நிழல்மரம்:
கூரைக்கு அடியில் மெத்தென்று துணிவலை கட்டியிருக்கிறேன். படத்தில் அது தெரியாது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது உங்கள் வழக்கம்தான்.

தராசுத்தட்டு:
துணிவலை கட்டியிருந்தால் சந்தோஷம். விளக்கைப் பற்றி நீங்கள் எழுதியது அப்போதும் தப்புத்தான்.

பரண்மேல்:
கூண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. முல்லைப்பந்தல், கோழி வலை போட்டுவிடாதீர்கள், ஓட்டை பெரிது. எலி வலைக்கு வெளியே இருந்தபடியே தூங்குகிற காடையின் காலைக் கடித்து இழுக்கும். அரை அங்குலத்துக்கு மேல் ஓட்டை இல்லாத கம்பிவலை வேண்டும், தரையிலும் சேர்த்து. நான் ஒரே ராத்திரியில் மூன்றை இழந்தவன்.

முல்லைப்பந்தல்:
நன்றி, பரண்மேல் அண்ணா. கம்பிவலையே போடுகிறேன். அப்போது ஆறுக்கு மூன்றடியில் 13 பெட்டை தாங்குமா? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

காடைக்காவலன்:
பதின்மூன்றெல்லாம் எதற்கு? நான் சொன்ன ஐந்தை வையுங்கள். என் வீட்டில் நாலு பேர், ஐந்து காடை. ஒரு குறையும் இல்லை.

கிணற்றடி:
உங்கள் வீட்டில் ஐந்துதானா? போன வருடம் முப்பது என்று எழுதினீர்களே.

காடைக்காவலன்:
முப்பது வளர்த்தேன். வயதான பிறகு ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஒரு காடை இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும் என்பது கூடத் தெரியாமல் என்னைக் கேள்வி கேட்கிறீர்களா?

தராசுத்தட்டு:
அப்படியானால் இப்போது இருக்கிற ஐந்தும் வயதான பறவை. முதல் வருடம் 250-க்கு மேல் இட்ட பெட்டை அடுத்த வருடம் அதற்கு நன்றாகக் குறையும். வயதான ஐந்து காடையிலிருந்து தினம் மூன்று முட்டை வந்தாலே பெரிது. 33 கிராம். நாலு பேருக்கு 33 கிராம்! இதைத்தான் "வேறு முட்டையே வேண்டாம்" என்று எழுதினீர்களா?

முல்லைப்பந்தல், 18 சதுர அடியில் 13 தாராளமாக இருக்கும். ஒரு மூலையில் மணல் தட்டும், ஒதுங்க ஒரு பெட்டியும் வையுங்கள். எச்சத்தை நாள்தோறும் அள்ளுங்கள், இல்லையென்றால் அந்த நெடியே அவற்றின் மூச்சைக் கெடுக்கும்.

காடைக்காவலன்:
என் வீட்டில் எத்தனை முட்டை வருகிறது என்று எனக்குச் சொல்ல நீங்கள் யார்? எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு காடை முட்டை போதும். ஏன் போதும்? ஒன்றுக்கு ஐந்து என்பதால்தான் போதும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தராசுத்தட்டு:
நீங்கள் குறைவாகச் சாப்பிடுவது சாட்சி ஆகாது. இன்றைய ஐந்தையும் நிறுத்துவிட்டேன். 10, 11, 11, 12, 11. மொத்தம் 55. கோழி முட்டை 57. நாளைக்கும் நிறுத்துப் போடுகிறேன்.

நிழல்மரம்:
நாளைக்கு விளக்கை அணைத்துவிட்டு நிறுத்துப் போடுங்கள்.

தராசுத்தட்டு:
விளக்குக்கும் முட்டையின் எடைக்கும் சம்பந்தம் இல்லை. காடைக்காவலன் பதில் சொல்லட்டும். 55-க்கு 57.

கிணற்றடி:
அந்த இருபது முட்டைக்கும் சேர்த்துப் பதில் சொல்லட்டும்.