சிறிய சந்தை நகரத்தில் எந்த முடிவை எந்தக் கவுன்சில் எடுக்கிறது? சாமர்செட் பக்கம் இருப்பவர்கள் விளக்க முடியுமா?

கேள்வி: மெண்டிப் மலர்

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற கோடையில் சாமர்செட்டில், ஃப்ரூம் நகருக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு சிறிய சந்தை நகரத்துக்குக் குடும்பத்தோடு குடிவந்திருக்கிறோம். லண்டனில் பரோ கவுன்சில் ஒன்றை அறிந்திருந்தால் போதும். குப்பை எடுக்காவிட்டாலும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டுமென்றாலும், வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்ட வேண்டுமென்றாலும் அங்கேதான் போக வேண்டும். இங்கே சாமர்செட் கவுன்சில், டவுன் கவுன்சில் என்று இரண்டு இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் பேச்சிலோ மெண்டிப் கவுன்சில் என்று மூன்றாவதாக ஒன்று இன்னும் அடிபடுகிறது.

கவுன்சில் வரித் தாள் வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. மேலே சாமர்செட் கவுன்சிலுக்கு ஒரு பெரிய தொகை, அதன் கீழே முதியோர் பராமரிப்புக்கு, காவல்துறைக்கு, தீயணைப்புத் துறைக்கு என்று தனித்தனி வரிகள், கடைசியில் டவுன் கவுன்சிலின் பங்கு. அந்தக் கடைசித் தொகை பெரிதல்ல. ஆனால் சென்ற ஆண்டைவிட எவ்வளவு கூடியது என்று காட்டும் விழுக்காடு மட்டும் மற்ற வரிகளைவிட மிக அதிகமாக இருந்தது. ஊரில் எல்லோருடைய கோபமும் அந்த ஒரு வரியின் மேல்தான்.

செய்தித்தாளை நம்பலாம் என்றால், வாரப் பத்திரிகையில் பாதிப் பக்கங்கள் பக்கத்து ஊர்களுக்கும் பொதுவானவை. மீதியில் வீடு விற்பனை விளம்பரமும் கால்பந்தும். ஊர் முகநூல் குழுவில் கார் நிறுத்தக் கட்டணம் உயர்ந்தது பற்றியும், ஊர் எல்லையிலுள்ள வயலில் வீடுகள் வரப்போவது பற்றியும் தினமும் சண்டை நடக்கிறது. "கவுன்சில் நம்மை ஏமாற்றிவிட்டது" என்று எழுதுகிறார்களே தவிர, எந்தக் கவுன்சில் என்று எவரும் எழுதுவதில்லை. யார் எதற்குப் பொறுப்பு, நம்பத்தக்க செய்தி எங்கே கிடைக்கும், இந்தியக் கடவுச்சீட்டும் நிரந்தர வசிப்புரிமையும் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் டவுன் கவுன்சில் கூட்டத்துக்குப் போவதால் ஏதேனும் பயன் உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பழைய கிளார்க்

வணக்கம் சகோதரி. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ஒரு டவுன் கவுன்சில் அலுவலகத்தில் உதவிக் கிளார்க்காகப் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மெண்டிப் மாவட்டக் கவுன்சில் இப்போது இல்லை. 2023 ஏப்ரல் 1 அன்று சாமர்செட் கவுண்டி கவுன்சிலும், மெண்டிப் உள்ளிட்ட நான்கு மாவட்டக் கவுன்சில்களும் கலைக்கப்பட்டு, அவற்றின் பணிகள் அனைத்தும் சாமர்செட் கவுன்சில் என்ற ஒரே அமைப்பிடம் வந்து சேர்ந்தன. சாலைக்குழி, குப்பை, பள்ளி, நூலகம், கார் நிறுத்தம், வீட்டுத்திட்ட அனுமதி, முதியோர் பராமரிப்பு எல்லாம் அதன் பொறுப்பு. டவுன் கவுன்சில் என்பது சட்டப்படி கிராமத்துப் பாரிஷ் கவுன்சிலின் தரத்தில் உள்ளதுதான். மேயர் என்ற பட்டமும் கழுத்தில் சங்கிலியும் இருப்பதால் பெரிதாகத் தோன்றுகிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், இடுகாடு, பொதுக் கழிப்பறை, கிறிஸ்துமஸ் விளக்கு, காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் நிலத்துண்டுகள் ஆகியவையே அதன் வழக்கமான வேலைகள்.

விழுக்காட்டுக்கு வருகிறேன். உருவான முதல் ஆண்டிலேயே, 2023 நவம்பரில், சாமர்செட் கவுன்சில் நிதி அவசரநிலையை அறிவித்தது. அடுத்த நிதியாண்டில் ஏறத்தாழ 10 கோடி பவுண்டு பற்றாக்குறை வரும் என்று அப்போது கணக்கிட்டார்கள். முதியோர் பராமரிப்புச் செலவு வரி வருமானத்தைவிட வேகமாக ஏறியதே முதன்மைக் காரணம். சட்டப்படி செய்தே தீர வேண்டிய பணிகளைக் கைவிட முடியாது என்பதால், செய்யலாம் அல்லது விடலாம் என்ற நிலையிலுள்ள கழிப்பறை, கண்காணிப்புக் கேமரா, பூங்காப் பராமரிப்பு போன்றவற்றை, "நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் மூடிவிடுவோம்" என்ற தொனியில் ஊர்க் கவுன்சில்களிடம் தள்ளினார்கள். மறுத்தால் கழிப்பறைக் கதவில் பூட்டு, ஏற்றால் வரித் தாளில் பெரிய விழுக்காடு. உங்கள் டவுன் கவுன்சிலுக்கு இவற்றைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாமர்செட் போன்ற பெரிய கவுன்சில் வரியை ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த விரும்பினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்; அல்லது 2025-26ஆம் ஆண்டுக்கு சாமர்செட் 7.5 விழுக்காடு உயர்த்த இசைவு பெற்றதைப் போல, நடுவண் அரசிடம் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். டவுன் கவுன்சில்களுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. ஆகவே மேலிருந்து இறங்கும் செலவு, வரம்பில்லாத இடத்தில் வந்து தங்குவது இயல்பே. டவுன் கவுன்சிலர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தேவையற்ற செலவு செய்த கவுன்சில்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் ஊரில் எது நடந்தது என்பதை முகநூலில் கண்டுபிடிக்க முடியாது. ஜனவரி மாத வரவுசெலவுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை டவுன் கவுன்சில் இணையதளத்தில் எடுத்துப் படியுங்கள். கூடுதல் தொகை எந்தெந்தத் தலைப்பில் சேர்ந்தது, எவர் முன்மொழிந்தார், எதிர்த்து வாக்களித்தவர் உண்டா என்பது பெரும்பாலும் அதில் இருக்கும்.

செய்தி பற்றிக் கேட்டீர்கள். பிபிசி தன் உரிமக் கட்டண வருமானத்திலிருந்து பணம் தந்து, உள்ளூர்ப் பத்திரிகை நிறுவனங்கள் வழியாக உள்ளாட்சி நிருபர்களை அமர்த்தும் ஏற்பாடு ஒன்று 2017 முதல் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 165 பேர். பெரிய கவுன்சில்களைக் கவனிப்பதே அவர்களுடைய முதன்மைப் பணி என்பதால், செவ்வாய் இரவு ஏழரை மணிக்கு டவுன் ஹால் மாடியில் நடக்கும் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் பணிபுரிந்த காலத்தின் பிற்பகுதியில் நிருபருக்கென்று போட்ட மேசை காலியாகவே இருந்தது. போகப்போக அதன்மேல் தேநீர்க் கெண்டியை வைத்துக்கொண்டோம்.

நீங்கள் போகலாம், உட்காரலாம், படம்கூடப் பிடிக்கலாம். பொதுமக்களையும் பத்திரிகையாளரையும் கவுன்சில் கூட்டங்களில் அனுமதிக்க வேண்டும் என்ற 1960ஆம் ஆண்டுச் சட்டம், மார்கரெட் தாட்சர் புதிய உறுப்பினராக நாடாளுமன்றத்துக்கு வந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதா. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டிச் சில கவுன்சில்கள் நிருபர்களை வெளியே நிறுத்தியதே அதற்குப் பின்னணி. பிற்காலத்தில் உள்ளாட்சிகளோடு அவர் மோதிய மோதல்களை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். ஒலி, ஒளிப்பதிவுக்கான உரிமை 2014இல் வந்தது. கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்னதாக நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும்; அதில் இல்லாத பொருளில் முடிவெடுக்கக் கூடாது. ஆண்டுக்கொருமுறை, ஜூலையின் முதல் பத்து வேலைநாள்களை உள்ளடக்கிய 30 வேலைநாள்களில், கணக்குப் புத்தகங்களையும் பற்றுச்சீட்டுகளையும் நேரில் பார்வையிடும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நான் இருந்தவரை அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். அவர்கள் வந்த பிறகு பற்றுச்சீட்டுகள் முன்பைவிட ஒழுங்காக அடுக்கப்பட்டன.

பதில்: வை ஆற்றங்கரையான்

பழைய கிளார்க் ஐயா சொன்ன அமைப்பு விவரங்களில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் உங்கள் பக்கத்து ஊரான ஃப்ரூமைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. டவுன் கவுன்சிலுக்கு அதிகாரம் குறைவு என்று கை விரிப்பவர்களுக்கு அந்த ஊர் ஒரு பதில். 2011இல் கட்சி சாராத சிலர் ஒன்றுகூடி நின்று 17 இடங்களில் 10இல் வென்றார்கள். 2015இலும் 2019இலும் 17 இடங்களையும் பிடித்தார்கள். கட்சிக் கொறடா கிடையாது, ஒவ்வொரு பொருளிலும் அவரவர் எண்ணப்படி வாக்களிக்கலாம் என்பதே அவர்களுக்குள் இருந்த உடன்பாடு. வீட்டுப் பொருள்களை இரவல் தரும் கடைக்கும், மீந்த உணவை எவரும் வைக்கவும் எடுக்கவும் கூடிய பொதுக் குளிர்பெட்டிக்கும் அவர்கள் ஆதரவாக நின்றார்கள். இவற்றுக்கெல்லாம் வரியையும் உயர்த்தினார்கள். ஆயினும் மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

இருந்தும் அதே ஊரின் நடுவில் சாக்ஸன்வேல் என்னும் பழைய தொழிற்சாலை நிலத்தில் என்ன கட்டுவது என்ற பெரிய சண்டையில், கட்டுமான நிறுவனத்தின் திட்டத்துக்கு எதிராக ஊர்மக்கள் தாங்களே ஒரு மாற்றுத் திட்டம் வரைந்து வந்தபோதும், முடிவு அன்றைய மெண்டிப் கவுன்சிலின் கையில்தான் இருந்தது. நிலமும் அவர்களுடையது, அனுமதி தரும் அதிகாரமும் அவர்களுடையது. குளிர்பெட்டி வைப்பதற்கு டவுன் கவுன்சில் போதும்; ஊரின் நடுப்பகுதி எப்படி மாறும் என்பதற்குப் போதாது.

டவுன் கவுன்சில்களுக்குள் நடக்கும் சண்டைகளையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் லெட்பரி என்ற அழகிய சந்தை நகரம் உண்டு. மரத்தூண்கள்மேல் நிற்கும் கறுப்பு வெள்ளைச் சந்தைக் கூடத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த டவுன் கவுன்சில் தன் உறுப்பினர் ஒருவரைக் குழுக்களிலிருந்து விலக்கித் தடைகள் விதித்தது. அப்படித் தானாகவே தண்டிக்க அதற்கு அதிகாரமில்லை என்று 2018இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவு யார் பணம்? வரித் தாளின் அதே கடைசி வரியிலிருந்துதான். 2021 பிப்ரவரியில், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திச் சண்டையிட்ட செஷயரின் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் ஜூம் கூட்டத்தின் காணொளியைப் பார்த்து உலகமே சிரித்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. நிருபர் எவரும் பின்வரிசையில் இல்லாத அறையில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு அந்தப் பதிவே சான்று. போய் உட்காருங்கள் அம்மா. நீங்கள் எதுவும் பேசாவிட்டாலும் பேச்சின் சூடு தணியும்.

மெண்டிப் மலர்

இருவருக்கும் நன்றி. ஜனவரிக் கூட்டத்தின் குறிப்பைப் படித்தேன். உயர்வின் பெரும்பகுதி கழிப்பறையும் கண்காணிப்புக் கேமராவும்தான். வயலில் வரப்போகும் வீடுகள் குறித்து டவுன் கவுன்சில் எதிர்ப்புத் தெரிவித்ததாகவும் குறிப்பில் உள்ளது. அப்படியானால் அந்தத் திட்டம் நின்றுவிடுமா?

பதில்: பழைய கிளார்க்

நின்றுவிடாது. டவுன் கவுன்சில் தெரிவிப்பது கருத்து மட்டுமே. சாமர்செட் கவுன்சிலின் அதிகாரிகளோ திட்டக்குழுவோ முடிவெடுப்பார்கள். அவர்கள் மறுத்தாலும் கட்டுமான நிறுவனம் நடுவண் அரசின் திட்ட ஆய்வகத்தில் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் வீட்டிலிருந்து தெரியும் காட்சி மறையும், வீட்டு விலை குறையும் என்பவையெல்லாம் அங்கே செல்லாது. சாலைப் பாதுகாப்பு, வெள்ள அபாயம், வடிகால், பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் தடைபடுவது ஆகியவை செல்லும். நூறு பேர் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்புவதைவிட, மழைக்காலத்தில் அந்த வயலின் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று தேதியோடு புகைப்படம் இணைத்து எழுதும் ஒரு கடிதம் பயன்படும்.

ஊர்மக்கள் சத்தம் போட்டும் அசையாத திட்டங்கள் வேறோர் இடத்திலிருந்து வந்த ஒரே கடிதத்தால் அசைந்ததும் உங்கள் மாவட்டத்தில் நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில், சாமர்செட் சதுப்புநிலத்தில் பாஸ்பேட் மிகுந்துவிட்டதைச் சுட்டிக்காட்டி அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து கவுன்சில்களுக்கு எழுதியது. புதிய வீடுகளின் கழிவுநீர் அந்த நிலையை மோசமாக்காது என்று காட்டும்வரை அனுமதி தர முடியாது என்றாகி, ஆயிரக்கணக்கான வீடுகள் தேங்கி நின்றன. உங்கள் ஊரின் தண்ணீர் எந்த ஆற்றில் சேர்கிறது என்று பாருங்கள். ஃப்ரூம் ஆறு வடக்கே ஏவன் ஆற்றுக்குப் போவதால் அந்தப் பக்கத்துக்கு இது பொருந்தாது. ஷெப்டன் மேலட் பக்கம் என்றால் பொருந்தும்.

பதில்: டாண்டன் செல்வி

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களைப் பற்றி மலர் அக்கா முதலில் கேட்டதற்கு எவரும் பதில் சொல்லவில்லையே. இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், இங்கே சட்டப்படி வசிக்கும் அனுமதி இருந்தால் எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2023 முதல் வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாளச் சான்று கேட்கிறார்கள். காமன்வெல்த் நாடுகளின் கடவுச்சீட்டு அதற்குச் செல்லும்.

நிரந்தர வசிப்புரிமை இருப்பதால் நீங்கள் வேட்பாளராகவும் நிற்கலாம் அக்கா. 18 வயது நிரம்பி, அந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும். முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் வேண்டும், வைப்புத்தொகை கிடையாது. டவுன் கவுன்சிலின் எல்லா இடங்களுக்குமான அடுத்த தேர்தல் 2027 மே மாதம். அதற்கு முன்பே இடம் ஏதேனும் காலியானால் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவார்கள். 14 வேலைநாள்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் நடக்கும். எவரும் கேட்காவிட்டால் இருக்கிற உறுப்பினர்களே தங்களுக்குப் பிடித்த ஒருவரை நியமித்துக்கொள்வார்கள். பல ஊர்களில் கவுன்சிலர்களில் கணிசமானோர் ஒரு வாக்கும் பெறாமல் உள்ளே வந்தவர்கள் என்பதற்கு இதுவே காரணம். உங்கள் டவுன் கவுன்சிலில் இப்போது காலியிடம் இருக்கிறதா என்று கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.