புதுப்பிப்பு: வெளுத்த சிவப்பு பானெட் சரியானது, பம்பர் ஆகவில்லை

பெசன்ட் நகரில் வெயிலிலேயே நிற்கும் என் பழைய சிவப்பு காரின் பானெட், பம்பர், கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள் எல்லாம் வெளுத்துவிட்டதற்கு இங்கே வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, வெள்ளைத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் (பெயின்ட்டின் மேல்படலத்தை மெல்லத் தேய்த்தெடுக்கும் பசை) வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான். துணியில் நிறம் ஏறினால் அந்தப் பெயின்ட்டின் மேல் கிளியர் கோட் (நிறத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சு) இல்லை. பானெட்டில் துணி நன்றாகவே சிவந்தது. அதாவது வெயிலில் மேல்படலம்தான் செத்திருந்தது, அடியில் நல்ல நிறம் இருந்தது. கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்து, அப்புறம் காம்பவுண்ட், பாலிஷ், கடைசியாக வேக்ஸ். தகடு சூடானால் காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் வெயில் ஏறும் முன் நிழலில் செய்யுங்கள். விளிம்புகளில் பெயின்ட் மெல்லியது, அழுத்தவே கூடாது. பக்கத்து பிளாஸ்டிக்கில் டேப் ஒட்டிவிடுங்கள்; காம்பவுண்ட் பட்டால் வெள்ளைக் கறை லேசில் போகாது.

எதிர்பாராதது பம்பர். அதில் துணி வெள்ளையாகவே இருந்தது. முந்தைய உரிமையாளர் கிளியர் கோட்டோடு மறுபெயின்ட் அடித்திருக்கிறார் போல. அந்தக் கோட் உரிந்து திட்டுத்திட்டாக நிற்கிறது. உரிந்த கிளியர் கோட்டை எந்தப் பாலிஷும் மீட்காது, தேய்த்தெடுத்து மறுபடி ஸ்ப்ரே அடிப்பதுதான் வழி.

பிளாஸ்டிக் பட்டைகளுக்கு, எண்ணெய் மாதிரிப் பூசும் டிரெஸ்ஸிங் ஒரு மழையிலேயே போய்விட்டது. காய்ந்து படியும் டிரிம் ரெஸ்டோரர் கறுப்பாகவே நிற்கிறது. பம்பரை ஐப்பசி மழைக்குள் பட்டறையில் கொடுக்கப்போகிறேன்.