ஆப் காட்டிய இடத்தில் நிலா வரவில்லை, கடற்கரையில் வைத்த ஏஆர் பொம்மையும் வழுக்குகிறது. உதவுங்கள் (புதுச்சேரி)

நிலாப்பித்து (முத்தியால்பேட்டை)

வணக்கம். ஒரே போனில் இரண்டு தொல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றா, வேறு வேறா என்று தெரியவில்லை.

வம்பாகீரப்பாளையத்தில் பழைய துறைமுகப் பாலம் இருக்கிறதே, 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து விழுந்ததே, அதில் மிச்சம் நிற்கும் தூண்களுக்கு நடுவே பௌர்ணமி நிலா ஏறுவதைப் போனில் எடுக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வருஷத்து ஆசை. அதற்காகவே ஓர் ஆப் போட்டேன். கேமராவை வானத்தின் பக்கம் காட்டினால் நிலா எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று அந்தக் காட்சியின் மேலேயே கோடு போட்டுக் காட்டும், இப்படிக் கேமரா காட்சி மேல் படம் சேர்ப்பதைத்தான் ஏஆர் என்கிறார்கள். தைப்பூசத்தன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே போய்விட்டேன். பாலத்துக்குத் தெற்கே, பாண்டி மெரினா பக்கம் மணலில் ஸ்டாண்டு வைத்துப் பார்த்தால், கோடு சரியாக இரண்டு தூண்களுக்கு நடுவே ஏறியது. போனை ஸ்டாண்டில் அசையாமல் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

நிலா வந்தது. ஆனால் பாலத்தின் முனையைத் தாண்டி, வலது பக்கம், வெறும் கடலுக்கு மேலே. கையை நீட்டி முஷ்டி வைத்து அளந்தேன், கோட்டுக்கும் நிலாவுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு முஷ்டி. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் இடம் பிடிப்பதற்குள் அது தூண்களை விட உயரத்துக்குப் போய்விட்டது. அன்று அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது, என் அக்கா மகனுடையது. எட்டாவது படிக்கிறான். டைனோசரைத் தரையில் நிற்க வைத்துப் பக்கத்தில் ஆளை நிறுத்திப் படம் எடுக்கும் விளையாட்டு ஒன்று வைத்திருக்கிறான். வீட்டுக் கூடத்தில் டைனோசர் அசையாமல் நிற்கிறது. கடற்கரையில் அலை ஓரம் வைத்தால் வழுக்கிக்கொண்டே கடலுக்குள் போகிறது, சில நேரம் அந்தரத்தில் தொங்குகிறது. அக்கா போனில் அந்த விளையாட்டு இறங்கவே மறுக்கிறது.

அடுத்து மாசி மகம் வருகிறது. அந்தப் பௌர்ணமியை விட மனசில்லை. என் போன் மூன்று வருஷப் பழசு, ஆண்ட்ராய்டு.

உப்பனாறு (கடலூர்)

ஆண்ட்ராய்டு 12-க்கு அப்புறம் ஒவ்வோர் ஆப்புக்கும் துல்லியமான இருப்பிடம் வேண்டுமா, தோராயமானது போதுமா என்று போன் கேட்கும். நீங்கள் தோராயம் என்று கொடுத்திருப்பீர்கள். அதை மாற்றிப் பாருங்கள் சகோதரி, சரியாகிவிடும்.

பத்துக்கண்ணு

நண்பரே, துல்லியமான இருப்பிடம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் இந்தத் தவறு அதனால் வந்தது இல்லை. நிலா இருக்கும் தூரத்துக்கு நாம் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் அது உதிக்கும் திசை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறாது. முத்தியால்பேட்டையில் நின்று பார்த்தாலும் வம்பாகீரப்பாளையத்தில் நின்று பார்த்தாலும் ஒரே திசைதான்.

அம்மா, உங்கள் இரண்டு தொல்லையும் வேறு வேறு. இதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நிலாக் கோடு வரைகிற ஆப்புக்கு வடக்கு எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது போனுக்குள் இருக்கும் காம்பஸ். டைனோசர் விளையாட்டுக்கு வடக்கு தெற்கு தேவையே இல்லை. அது கேமராவில் தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகளையும் போனின் அசைவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, தரை எங்கே இருக்கிறது, போன் எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் ஏஆர்கோர் என்ற கூகுள் மென்பொருள்தான் இதைச் செய்கிறது. ஆக, நிலா தப்பினால் காம்பஸைப் பாருங்கள். பொம்மை வழுக்கினால் தரையைப் பாருங்கள்.

நீட்டிய கையின் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. இரண்டு முஷ்டி என்றால் 20. பாலத்திலிருந்து 300 மீட்டரில் நின்றீர்கள் என்று வைத்துக்கொண்டால், அங்கே 20 டிகிரி என்பது 100 மீட்டருக்கும் மேல். நிலாவின் முழு அகலமே அரை டிகிரிதான், அந்தத் தூரத்தில் அது சுமார் இரண்டரை மீட்டர். இவ்வளவு பெரிய பிசகு தானாக வராது, பக்கத்தில் ஏதோ காந்தம் இருந்திருக்கிறது. போன் கவரில் காந்த வளையம் ஒட்டியிருக்கிறதா? எந்த ஸ்டாண்டு வைத்தீர்கள்?

நிலாப்பித்து

கவரில் வளையம் இருக்கிறது! வண்டியில் மாட்டுவதற்காக ஒட்டினேன். அன்று வைத்த ஸ்டாண்டும் அந்த வளையத்தைக் காந்தத்தால் பிடிக்கிற வகைதான்.

சர்வீஸ் பெஞ்ச்

அதேதான் அக்கா. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், காம்பஸ் தப்பாகக் காட்டுகிறது என்று வருகிறவர்களிடம் முதலில் கவரைக் கழற்றச் சொல்வேன். உங்களுக்கு வளையத்தில் ஒரு காந்தம், ஸ்டாண்டில் இன்னொன்று. காம்பஸ் சென்சார் உணர வேண்டிய பூமியின் காந்தம் மிக மெலிசானது. போன் முதுகில் ஒட்டிய காந்தத்துக்குப் பக்கத்தில் அது எடுபடாது. கிம்பல் (போன் ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கைப்பிடி) வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், அதன் மோட்டாருக்குள்ளும் காந்தம்தான்.

கவரைக் கழற்றியதும் உடனே நம்பிவிடாதீர்கள். போனைக் கையில் பிடித்துக் காற்றில் 8 போடுகிற மாதிரி நாலைந்து தடவை சுழற்றுங்கள். அப்போதுதான் காம்பஸ் புதிதாகக் கணக்குப் போடும். வண்டி, இரும்புக் கம்பி, கம்பி போட்ட கான்கிரீட் இவற்றிலிருந்து நாலு அடி தள்ளி நின்று செய்யுங்கள்.

உங்கள் அக்கா போன் விஷயம்: கூகுள் சோதித்துப் பட்டியலில் சேர்த்த மாடல்களில்தான் ஏஆர்கோர் ஓடும். விலை குறைந்த பல போன்களில், போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் சென்சாரே இருக்காது. யூடியூபில் ஒரு 360 டிகிரி வீடியோவைத் திறந்து, நின்ற இடத்தில் போனோடு சுற்றிப் பாருங்கள். படம் கூடவே திரும்பவில்லை என்றால் அநேகமாகக் கைரோ இல்லை. அதற்கு மருந்து கிடையாது, அந்தப் போனை விட்டுவிடுங்கள்.

பத்துக்கண்ணு

மாசி மகம் வரைக்கும் காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே சோதித்துவிடலாம். இந்த ஆப்கள் நிலாப் பாதையோடு சூரியப் பாதையும் காட்டும். ஏழரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று, திரையில் தெரியும் நிஜச் சூரியன் மேல் ஆப் வரைந்த சூரியன் உட்காருகிறதா என்று பாருங்கள். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள், திரையை மட்டும் பாருங்கள். கவரோடு ஒரு தடவை, கவர் இல்லாமல் ஒரு தடவை.

நிலாப்பித்து

செய்தேன். கவரோடு பார்த்தபோது ஆப்பின் சூரியன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்தது, நிஜச் சூரியன் தென்னை மட்டைக்குப் பின்னால். தைப்பூசத்தன்று தப்பிய அதே இரண்டு முஷ்டி. கவரைக் கழற்றி 8 போட்டதும் ஆப்பின் வட்டம் தானாக நகர்ந்து வந்து நிஜச் சூரியனை ஒட்டிக்கொண்டது. இன்னும் விரல் அகலம் இடைவெளி இருக்கிறது, ஆனால் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே இருந்த தூரம் போய்விட்டது. அப்புறம் கீழே இறங்கி, நிறுத்தியிருந்த வண்டியின் டேங்க் மேல் போனை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் தள்ளிப் போனது.

ஒரு வருஷம் காத்திருந்து ஒரு வளையத்தால் கெட்டதே என்று இருக்கிறது. அந்த விரல் அகலத்தை என்ன செய்வது?

பத்துக்கண்ணு

போன் காம்பஸ் இரண்டு மூன்று டிகிரி தப்புவது சகஜம். அதற்கு மேல் சுத்தமாக்க முடியாது, அதனால் கடைசி முடிவைக் காம்பஸிடம் விடாதீர்கள். ஏஆர் திரையை இடம் தேடப் பயன்படுத்துங்கள். நிற்கும் இடத்தை வரைபடத்தில் முடிவு செய்யுங்கள். போட்டோபில்ஸ் போன்ற ஆப்களில் செயற்கைக்கோள் படத்தின் மேல் நிலா உதிக்கும் திசைக்குக் கோடு வரும். நிற்கும் இடத்தைக் குறிக்கும் முள்ளை நகர்த்தி, கோடு பாலத்தின் எந்த இடத்தை வெட்டுகிறது என்று பாருங்கள். அதற்குக் காம்பஸ் தேவையே இல்லை. பாலம் நகராது, கோடும் நகராது.

இன்னொன்று முக்கியம், தைப்பூசத்தன்று நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். தையில் சூரியன் தெற்கே இருப்பதால் நிலா கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிக்கும். மாசியில் சூரியன் வடக்கு நோக்கி வந்துவிடுவதால், நிலா தையை விட வலது பக்கம், நேர்க் கிழக்குக்கு இன்னும் நெருங்கி வரும், சுமார் 10 டிகிரி வித்தியாசம். அதே தூண் இடுக்கில் வேண்டும் என்றால் நீங்கள் பாலத்தை நோக்கி வடக்கே நடக்க வேண்டும். 60, 70 மீட்டர் இருக்கலாம். சரியான இடத்தை வரைபடக் கோடு சொல்லும்.

அப்புறம், ஆப் சொல்லும் உதய நேரத்தில் கடலுக்கு மேலே ஒன்றும் தெரியாது. அடிவானத்துப் புகைமூட்டத்தைத் தாண்டி நிலா கண்ணில் படப் பத்து நிமிடம்கூட ஆகும். கவலைப்பட வேண்டாம். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் நிலா கிட்டத்தட்ட நேர்க்குத்தாக ஏறும். 20 நிமிடத்தில் 5 டிகிரி உயரும், வலது பக்கம் சாய்வது ஒரு டிகிரிதான். அந்த ஒரு டிகிரியை முன்கூட்டியே கணக்கில் வைத்து நில்லுங்கள்.

முடிந்தால் பௌர்ணமிக்கு முந்தின நாளும் போங்கள். அன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலா வந்துவிடும், தூண்கள் மேல் வெளிச்சம் இருக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாக, இருட்டில் வரும். இருட்டில் போன் கேமராவுக்கு நிலா வெறும் வெள்ளைப் பொட்டு.

உப்பனாறு (கடலூர்)

நான் சொன்னது தப்பு என்று புரிந்தது. டைனோசர் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் என் பிள்ளைகளோடு பட்டது. ஈர மணல் கண்ணாடி மாதிரி, வானம்தான் அதில் தெரியும், பிடித்துக்கொள்ளப் புள்ளியே கிடைக்காது. அலை நுரையில் புள்ளி இருக்கும், ஆனால் அது ஓடும். தரை ஓடுகிறதா போன் ஓடுகிறதா என்று அதற்குக் குழப்பம், பொம்மை அலையோடு போய்விடும். ஒரே நிறமாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவரும் அப்படித்தான். சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறைய இன்னும் மோசம்.

கரையில் இழுத்து வைத்த படகுப் பக்கம் போங்கள். வலைக் குவியல், கயிறு, படகில் எழுதிய எழுத்து, இதெல்லாம் நன்றாகப் பிடிக்கும். பையனை நின்ற இடத்தில் போனைச் சுழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு அடி இடப்பக்கம், இரண்டு அடி வலப்பக்கம் மெதுவாக நடக்க வேண்டும். நாம் நகர்ந்தால்தான் எது பக்கம், எது தூரம் என்று அதற்குத் தெரியும்.

சர்வீஸ் பெஞ்ச்

இதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏஆர் விளையாட்டில் எடுக்கும் படம் கேமரா ஆப்பில் எடுக்கும் படம் அளவுக்குத் தெளிவாக இருக்காது. அது பெரும்பாலும் திரையில் ஓடும் காட்சியைத்தான் சேமிக்கிறது. 50 மெகாபிக்சல், நைட் மோடு எதுவும் அங்கே வராது. போக்கிமான் கோ விளையாட்டில் 2019-ல் ஸ்னாப்ஷாட் என்ற படம் எடுக்கும் வசதி வந்தபோது என் தம்பி கேமரா கெட்டுவிட்டது என்று போனைக் கழற்றவே சொன்னான். கேமராவில் கோளாறு இல்லை. நல்ல வெயிலில் எடுங்கள், அதுதான் வழி.

நிலாப்பித்து

மாசி மகம் முடிந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

காலையில் வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரி. சாமிகள் எல்லாம் கடலுக்கு வந்து போன பிறகு, கூட்டம் கலைந்த மணலில் பையன் டைனோசரை வைத்தான். அசையவே இல்லை. ஆயிரக்கணக்கான காலடித் தடம், அதன் மேல் சாய்வான வெயில், ஒவ்வொரு குழியிலும் ஒரு நிழல். முன்பு அலை ஓரத்தில் வழுக்கிய அதே விளையாட்டு, அதே போன். தடம் இல்லாத ஈர மணலுக்கு நாலு அடி தள்ளிக் கொண்டுபோய் வைத்தோம், உடனே மிதக்க ஆரம்பித்தது. உப்பனாறு அண்ணா சொன்னதைப் பையன் தானே சோதித்துப் பார்த்த மாதிரி ஆயிற்று.

சாயங்காலம் கவரை வீட்டிலேயே வைத்துவிட்டு, வளையம் இல்லாமல் பிடிக்கிற சாதாரண ஸ்டாண்டோடு வம்பாகீரப்பாளையம் போனேன். வரைபடத்தில் இடம் குறித்திருந்தேன், போன தடவையை விட வடக்கே. ஏஆர் கோட்டையும் திறந்து பார்த்தேன், வரைபடம் சொன்ன இடுக்குக்கு அடுத்த இடுக்கைக் காட்டியது. வரைபடத்தை நம்பி நின்றேன்.

உதய நேரம் தாண்டிப் பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. மேகம் என்று பயந்துவிட்டேன். அப்புறம் தூண்களுக்கு நடுவே, தண்ணீருக்கு ஒரு கை உயரத்தில், பழைய செங்கல் நிறத்தில் தெரிந்தது. கீழ்ப்பாதி இன்னும் மூட்டத்துக்குள். 3 மடங்கு லென்ஸில் வைத்து, நிலா மேல் விரல் வைத்து வெளிச்சத்தை நன்றாகக் கீழே இழுத்தேன், தூண்கள் கறுப்பாகவே நின்றன. பதினொரு படம் எடுத்தேன், மூன்று தேறின. இடது தூணை நிலாவின் விளிம்பு தொடுகிறது, அரை நிலா அகலம் வலதுபக்கம் இருந்திருக்கலாம்.

பத்துக்கண்ணு ஐயா, ஒரு கேள்வி மட்டும். பங்குனிப் பௌர்ணமிக்கு நிலா இன்னும் வலது பக்கம் போகும் என்றால், பாலத்துக்கு இன்னும் கிட்டே போக வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் தூணுக்குப் பக்கத்தில் நிலா சின்னதாகத் தெரியாதா?

பத்துக்கண்ணு

தெரியும் அம்மா. அந்த மாதம் பாலத்தை விட்டுவிடுங்கள். கரையில் நிற்கும் படகு ஒன்றைப் பிடித்து, 200 மீட்டர் பின்னால் வந்து, அதன் முனைக்கு மேலே நிலா வருகிற மாதிரி நில்லுங்கள். கரைப் படகு என்றால் நீங்கள் விரும்பிய திசையில் போய் நிற்கலாம். வரைபடத்தில் படகு தெரியாது, அதனால் காலையில் ஒரு தடவை சூரியனை வைத்துக் காம்பஸைச் சரிபார்த்துக்கொண்டு போங்கள்.