ஹைட்ரோஜெல்லை அளக்க எல்சிஆர் மீட்டர் கிடைக்குமா? (வியாசர்பாடி சுற்றுவட்டாரம்)

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) ஹைட்ரோஜெல்லில், அதாவது தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஜெல்லில், கார்பன் நானோகுழாய் கலந்து வில்லைகளாகச் செய்திருக்கிறேன். மல்டிமீட்டர் முனைகளைக் குத்தினால் மின்தடை ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. டிசி கொடுத்தால் அயனிகள் மின்முனையில் போய்க் குவியும், அது சரி. குழப்பம் வேறு இடத்தில். குழாய்கள் திரளாமல் பிரிந்திருக்க எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசைல் சல்ஃபேட்) என்ற சோப்பு மாதிரியான பொருளைச் சேர்த்திருக்கிறேன். அதன் சோடியம் அயனிகளும் மின்சாரத்தைக் கடத்தும். அப்படியென்றால் கடத்துதிறன் கூடியது குழாய்கள் ஒன்றையொன்று தொட்டு வலையானதாலா, இல்லை வெறும் இந்தச் சோப்பாலா? ஒப்பிட, குழாய் இல்லாமல் அதே அளவு எஸ்டிஎஸ் மட்டும் போட்ட ஜெல்லும் தயார்.

இரண்டையும் எல்சிஆர் மீட்டரில் (ஏசி கொடுத்து மின்தடை, மின்தேக்கம் போன்றவற்றை அளக்கும் கருவி) 20 ஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அந்த வசதி இல்லை. வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் யாருடைய லேபிலாவது ஒரு மதியம் உட்கார விடுவீர்களா? தூரம் என்றால் சிரமம். இந்த வெயிலில் வில்லையின் ஓரம் சுருண்டு காய்ந்துவிடுகிறது, தண்ணீர் குறைந்தால் ரீடிங்கும் மாறும். காசிமேட்டு மீன் மாதிரி பெட்டியில் மூடித்தான் எடுத்துவர வேண்டும்!

அப்புறம், மின்முனைக்கு ஸ்டீல் தகடு போதுமா, வெள்ளிப் பேஸ்ட் வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.