மகள் தொடக்கநிலை 4: முதல் மாதவிடாய்க்கு எப்படித் தயார்படுத்துவது?

செங்காங் அம்மா:
மகளுக்கு 10 வயது ஆகப்போகிறது. மார்பு லேசாக எழும்பத் தொடங்கியிருக்கிறது. பள்ளி முடிந்ததும் மாணவர் பராமரிப்பு நிலையம், வீடு திரும்ப மாலை 6.30 ஆகிவிடும். அந்த நேரத்தில் வந்துவிட்டால் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். பையில் என்ன வைப்பது, எப்போது சொல்வது? "வந்த பிறகு பார்த்துக்கலாம், இப்பவே பயமுறுத்தாதே" என்கிறார் மாமியார்.

வெள்ளைச்சீருடை:
இப்போதே சொல்லுங்கள். மார்பு அரும்பியதிலிருந்து முதல் மாதவிடாய் வரப் பொதுவாக 2 முதல் 2.5 ஆண்டுகள் ஆகும், சிலருக்குச் சீக்கிரம். ஜட்டியில் வெள்ளைப்படத் தொடங்கினால் அநேகமாக 6 முதல் 12 மாதத்துக்குள் வந்துவிடும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இந்தப் பாடம் தொடக்கநிலை 5-இல்தான், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முதல் தடவை சிவப்பாகத்தான் இருக்கும் என்றில்லை என்பதை முக்கியமாகச் சொல்லுங்கள். பழுப்பாக, திட்டுத்திட்டாகவும் இருக்கலாம். பல பிள்ளைகள் அதை மலம் பட்டுவிட்டது என்று நினைத்து வெட்கப்பட்டு ஜட்டியை ஒளித்துவைப்பார்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் 21 முதல் 45 நாள் இடைவெளி வரை சாதாரணம். அடுத்த மாதம் வராவிட்டாலும் பதற வேண்டாம்.

மருத்துவரிடம் போக வேண்டியது: 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தால், 15 வயதாகியும் வராவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று தொடர்ந்து நனைந்தால், 7 நாளுக்கு மேல் நீடித்தால். முதலில் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போங்கள், தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

ஈசூன் அக்கா:
பைக்கு நான் சொல்கிறேன்மா. ஒளிபுகாத ஜிப் பையில் பேட் 3, மாற்று ஜட்டி 1, ஈரத்தாள் சிறு பாக்கெட், கறைபட்டதைப் போட ஒரு ஜிப்லாக் பை. அவ்வளவுதான். கடையில் 'கிட்' என்று விற்பதெல்லாம் வீண் செலவு. பை புத்தகப்பையின் அடியில் கிடந்தால் எடுக்க மாட்டாள், வெளிஜிப்பில் வையுங்கள். வெயிலும் வேர்வையும் பட்டுப் பசை கெடும், சில மாதத்துக்கு ஒருமுறை பேட்களை மாற்றிவிடுங்கள்.

பேட் 20 முதல் 23 சென்டிமீட்டர், மெல்லியது, இறக்கை உள்ளது. நீங்கள் போடும் நீளமானதைக் கொடுத்தால் சின்ன ஜட்டிக்கு அகலம் அதிகம், இறக்கை மடிந்து தொடையில் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் ஒருமுறை ஒட்டிப் பழக்குங்கள். பசைப்பக்கத் தாளை உரித்து, ஜட்டியின் இரட்டைத் துணி இருக்கும் இடத்தில் ஒட்டி, பிறகு இறக்கைத் தாளை உரித்து அடிப்பக்கமாக மடிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முன்பக்கமாகத் தள்ளி ஒட்டிவிடுவார்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் பின்னால் கசியும். தளர்ந்த ஜட்டியில் பேட் நகரும், இறுக்கமான பருத்தி ஜட்டி போதும். பிறகு 2 மேசைக்கரண்டி தண்ணீரை ஒரு பேடில் ஊற்றிக் காட்டுங்கள். ஏறக்குறைய 30 மில்லி. ஒரு மாதவிடாய் முழுவதற்கும் போகும் இரத்தமே பலருக்கு அவ்வளவுதான் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

மாற்றுவது 3-4 மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைவாக இருந்தாலும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் அரிப்பும் நாற்றமும் வரும். காலை கிளம்பும்போது, இடைவேளையில், பள்ளி விட்டதும், மாலை பராமரிப்பு நிலையத்தில் என்று நான்கு வேளையாகச் சொல்லிவிடுங்கள், மணி பார்க்கச் சொன்னால் மறந்துவிடுவாள். சுருட்டி, புது பேடின் உறையில் வைத்து, கழிப்பறைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். ஃபிளஷ் செய்தால் அடைத்துக்கொள்ளும்.

சீருடையில் கறை பட்டால் குளிர்ந்த நீர் மட்டும். சுடுநீர் பட்டால் இரத்தப் புரதம் துணியில் உறைந்துவிடும்.

செங்காங் அம்மா:
நன்றி அக்கா. நீச்சல் வகுப்பு? வலி? அப்புறம், மாமியார் சடங்கு செய்யணும் என்பார்.

வெள்ளைச்சீருடை:
பேட் போட்டு நீந்த முடியாது, தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். அன்று வகுப்பு வேண்டாம் என்று ஆசிரியருக்கு நீங்களே குறிப்பு எழுதிக் கொடுங்கள்.

வலிக்குச் சுடுநீர்ப்பையைத் துண்டில் சுற்றி 15-20 நிமிடம் வையுங்கள். அடங்காவிட்டால் பாராசிட்டமால், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 30 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 முதல் 450, ஆகவே பெரியவர்களின் 500 மில்லிகிராம் மாத்திரை முழுதாகக் கொடுத்தால் அதிகம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வலியால் பள்ளிக்கே போக முடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈசூன் அக்கா:
உளுந்தங்களி, நல்லெண்ணெய் தாராளமாகக் கொடுக்கட்டும், நல்ல சாப்பாடுதான். ஆனால் குளிக்காதே, மூலையில் உட்கார் என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள், தினம் குளிப்பதுதான் சுத்தம். சடங்கு வேண்டுமா, யார் யாருக்குச் சொல்வது என்பதை மகளிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வந்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமியார் போட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. அப்பாவுக்கும் பேட் இருக்கும் இடம் தெரியட்டும். நீங்கள் வேலையில் மாட்டிக்கொண்டால் பிள்ளையைக் கூட்டிவரப் போவது அவர்தான்.