அவசரம்: 4 அடி கண்ணாடி மீன் தொட்டியில ஓட்டை போடணும், உடையாம எப்படி?

திருப்பூர்_கெண்டை · சனி, இரவு 9:40
வணக்கம் நண்பர்களே. 4 அடி தொட்டி, சம்ப் (கீழ வைக்கற ஃபில்டர் தொட்டி) வைக்கப் போறேன், தண்ணி அதுக்கு இறங்க ஓட்டை போடணும். பிட் வாங்கியாச்சு, மச்சான்கிட்ட ட்ரில் மிஷின் இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் லீவு. உடையாம போட என்ன பண்ணணும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

விரால் · 9:52
அடியிலயா பின்னாலயா? கண்ணாடி எத்தனை எம்எம்? தண்ணி, மீனு இருக்கா? பிட் என்ன பிட், என்ன சைஸ்? ஒண்ணுமே சொல்லாம சீக்கிரம்னா எப்படிங்க.

கண்ணாடிக்கடை_பேரன் · 9:58
மண்ணெண்ணெய். அவ்வளவுதான் விஷயம். எங்க தாத்தா காலம் பூரா கண்ணாடி அறுத்தவர், மண்ணெண்ணெய் தொடாம கட்டரைக் கண்ணாடி மேல வச்சதே இல்ல. பஞ்சுல நனைச்சு சொட்டு சொட்டா விட்டுக்கிட்டே போடுங்க, வழுக்கிக்கிட்டு இறங்கும்.

கொளத்தூர்வாசி · 10:03
இந்தக் கேள்வி எத்தனையாவது தடவைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன். மேல தேடல் பெட்டின்னு ஒண்ணு இருக்கு தம்பி, அழகுக்கு வைக்கல. 15 வருஷமா தொட்டி ஒட்டறவன் சொல்றேன்: சாதா கண்ணாடி, டைமண்ட் பிட், தண்ணி, பொறுமை. இதுல பொறுமைதான் உங்ககிட்ட இல்லன்னு முதல் பதிவுலயே தெரியுது.

அயிரை_அக்கா · 10:11
தம்பி, முதல்ல அது டஃபன் கண்ணாடியான்னு (சூடாக்கிப் பலம் ஏத்தினது) பாருங்க. டஃபன்ல பிட் பட்டா நொறுங்கிக் கொட்டிடும், எந்தப் பிட்டும் காப்பாத்தாது. தொட்டி வாங்கினதா, செஞ்சதா?

கேனிஸ்டர்_பக்தன் · 10:15
எதுக்கு இந்த வம்பு? ஓட்டையே வேணாம். ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய வைக்கற மூடின டப்பா ஃபில்டர்) வாங்கி மாட்டுங்க, இல்ல தொட்டி விளிம்புல தொங்க விடற ஓவர்ஃப்ளோ பாக்ஸ் இருக்கு. நல்லா இருக்கற கண்ணாடியைக் காயப்படுத்தறது எனக்கு எப்பவுமே புரியாத விஷயம்.

விரால் · 10:21
அந்தத் தொங்கற பாக்ஸ் சைஃபன்ல ஓடறது, அதாவது தண்ணி குழாய் வழியா விளிம்பைத் தாண்டித் தானா இழுத்து இறங்கறது. கரண்ட் போய் வரும்போது காத்துப் புகுந்து சைஃபன் பிடிக்காம போச்சுன்னா, மோட்டார் மட்டும் தண்ணியை மேல தள்ளிக்கிட்டே இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு லைனை நிறுத்தற ஊர்ல, ஆபீஸ் போயிட்டு வந்தா ஹால்ல நீச்சல் குளம்.

கேனிஸ்டர்_பக்தன் · 10:24
எனக்கு 6 வருஷமா அப்படி ஆனதில்ல.

விரால் · 10:25
உங்க வீட்ல இன்வர்ட்டர் இருக்கும்.

கேனிஸ்டர்_பக்தன் · 10:26
இருக்கு. அதனால என்ன?

திருப்பூர்_கெண்டை · 10:40
சாரி, சாப்பிடப் போயிட்டேன். தொட்டி புதுசு, தண்ணி ஊத்தல. 4 x 1.5 x 1.5. கடையில சொல்லி ஒட்ட வச்சது. சைடு 10 எம்எம், அடி 12. ஓட்டை அடியிலதான். ஓட்டையில மாட்டற பைப் இணைப்பு 1 இஞ்ச் நிப்பிள், அதனால 25 எம்எம் பிட் வாங்கினேன். சம்ப் 2 அடி.

அயிரை_அக்கா · 10:48
அய்யோ, நல்லவேளை கேட்டீங்க. 1 இஞ்ச்ங்கறது தண்ணி போற உள் அளவு. கண்ணாடிக்குள்ள நுழையறது வெளிமரை. மரை போட்ட 1 இஞ்ச் நிப்பிள்னா வெளியில 33 எம்எம் கிட்ட வரும், பிளாஸ்டிக் டேங்க் கனெக்டர்ல அதுக்கும் மேல போகும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிப்பிளைக் கையில வச்சு அளந்து, 1-2 எம்எம் கூட வச்சு பிட் எடுங்க. 25ஐத் திருப்பிக் கொடுத்துடுங்க.

கொளத்தூர்வாசி · 10:55
டஃபன் பத்தின கவலை தேவையில்லாதது. டஃபனை அறுக்கவே முடியாது. கடையில அறுத்து ஒட்டின தொட்டின்னா அது சாதா கண்ணாடிதான். அடிப்படை தெரிஞ்சா இந்த பயமே வராது.

அயிரை_அக்கா · 11:02
அறுக்க முடியாது, சரி. ஆனா அளவு கொடுத்து அறுத்து, அதுக்கப்புறம் டஃபன் பண்ணி வரவழைக்கலாமே? சைடு 10, அடி மட்டும் 12ன்னு தனியா எடுத்திருக்காங்க. எனக்குச் சந்தேகமாவே இருக்கு.

சோதனை ஒண்ணும் பெரிய விஷயமில்ல தம்பி. தொட்டியைக் குப்புறச் சாய்ச்சு, கண்ணாடிக்குப் பின்னால லேப்டாப்பை வெள்ளை ஸ்கிரீனா வைங்க. போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கண்ணு முன்னால பிடிச்சு, ஸ்கிரீன் கறுக்கற வரைக்கும் மெதுவா திருப்புங்க. சாதா கண்ணாடின்னா கறுப்பு கறுப்பாவே இருக்கும். டஃபன்னா அந்தக் கறுப்புக்கு நடுவுல வெளிச்சத் திட்டும் கோடும் தெரியும். சாதாரண கூலிங் கிளாஸ்ல தெரியாது, போலரைஸ்டுதான் வேணும்.

கண்ணாடிக்கடை_பேரன் · 11:06
மண்ணெண்ணெய் விட்டா எந்தக் கண்ணாடியும் ஒண்ணும் ஆகாது.

விரால் · 11:10
பேரன் சார், உங்க தாத்தா மண்ணெண்ணெய் தொட்டது கோடு போடற சக்கரக் கட்டருக்கு. இது டைமண்ட் பொடியால தேய்ச்சுத் தேய்ச்சு இறங்கறது. சூட்டை எடுக்கணும், பொடியைக் கழுவணும், ரெண்டுக்கும் தண்ணிதான். கரண்ட் ட்ரில்ல கார்பன் பிரஷ்ஷுல பொறி பறக்கும், அது பக்கத்துல மண்ணெண்ணெயா? நாளைக்கு மீன் விடப்போற தொட்டி வேற.

கண்ணாடிக்கடை_பேரன் · 11:13
என் தாத்தாவைப் பத்திப் பேச வேண்டாம்.

விலாங்கு · 11:20
ஒரு சின்ன விஷயம். கண்ணாடியில் நாம் போடுவது துளை. தவறினால் விழுவது ஓட்டை. தலைப்பைத் திருத்தலாமே.

விரால் · 11:22
அப்ப தலைப்பு இப்பவே சரியாத்தான் இருக்கு.

கேனிஸ்டர்_பக்தன் · 11:25
😂 மூக்குல இருக்கறது துளையா ஓட்டையா?

விலாங்கு · 11:31
துவாரம்.

நெறியாளர் · 11:40
போதும், மீனுக்குத் திரும்புங்க.

விரால் · ஞாயிறு, காலை 6:50
கெண்டை, எந்திரிச்சதும் இதைப் படிங்க. டஃபனா இல்லையாங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், அடியில போடாதீங்க. வாஷர் ஒருநாள் கைவிட்டா மொத்தத் தண்ணியும் தரைக்கு வந்துடும், உங்க அளவுக்கு 250 லிட்டர் சொச்சம். பின்கண்ணாடியில மேல போட்டா அந்த மட்டம் வரைக்கும்தான் இறங்கும், மீனாவது பிழைக்கும். ரெண்டு ஓட்டை போடுங்க. ஒண்ணு ஓட, இன்னொண்ணு நத்தையோ இலையோ அடைச்சா உயிர் காக்க. கண்ணாடி விளிம்புக்கும் ஓட்டை விளிம்புக்கும் நடுவுல குறைஞ்சது ஓட்டை அகலம் அளவாவது இடம் விடுங்க.

அப்புறம் சம்ப் கணக்கு. உங்க தொட்டியில 1 இஞ்ச் உயரத் தண்ணின்னா கிட்டத்தட்ட 14 லிட்டர். சம்புல இருந்து மோட்டார் தண்ணியை மேல கொண்டு வர்ற ரிட்டர்ன் பைப்போட வாய் 3 இஞ்ச் முங்கியிருந்தா, கரண்ட் போனதும் அது வழியாவே 42 லிட்டர் கீழ வரும். 2 அடி சம்ப், அகலமும் உயரமும் 1 அடின்னா மொத்தமே 56 லிட்டர்தான். ரிட்டர்ன் பைப்ல தண்ணி மட்டத்துக்குச் சித்த கீழ ஒரு சின்ன ஓட்டை போட்டு வைங்க, காத்து இழுத்து சைஃபன் அறுந்துடும்.

அயிரை_அக்கா · 7:15
போடற விதம் நான் சொல்றேன், போன வருஷம் 3 போட்டேன். மிஷின்ல சுத்தியல் படம் போட்ட ஸ்விட்ச் இருக்கும், அதைக் கட்டாயம் மாத்திடுங்க. வெறும் சுத்து மட்டும், வேகம் கம்மியா. முடிஞ்சா பேட்டரி ட்ரில், தண்ணியும் வயரும் பக்கத்துல ஆகாது. கண்ணாடியைப் படுக்க வச்சு அடியில தெர்மாகோல், ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப். ஒரு பிளைவுட் துண்டுல அதே பிட்டால ஓட்டை போட்டு, அதைக் கிளாம்ப் பண்ணி வழிகாட்டியா வச்சுக்கங்க, பிட் ஓடாது. அது இல்லன்னா பிட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு முதல்ல பிறை மாதிரி ஒரு தடம் விழ வச்சு, அப்புறம் மெல்ல நிமிர்த்தணும்.

சுத்தி க்ளேயால வரப்புக் கட்டித் தண்ணி நிறுத்துங்க. நான் முதல்ல சப்பாத்தி மாவுல கட்டினேன், கரைஞ்சு கூழாகிடுச்சு. மருந்துக்கடை ட்ரிப் செட்டைத் தண்ணி பாட்டில்ல மாட்டித் தொங்க விட்டா சொட்டிக்கிட்டே இருக்கும். அரிசி கழுவின தண்ணி மாதிரி வெள்ளையா ஓடணும், கெட்டியாச்சுன்னா நிறுத்திக் கழுவிட்டு ஆரம்பிங்க. அழுத்தவே அழுத்தாதீங்க, மிஷினோட வெயிட் போதும். கடைசி 2 எம்எம்ல சத்தம் மாறும், கீச்சுன்னு கேக்கும். அங்கதான் அவசரப்பட்டு அந்தப் பக்கம் சிப்பு தெறிக்க விடுவாங்க. அந்த நேரத்துல மிஷினைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.

கொளத்தூர்வாசி · 9:30
பரவாயில்ல, விஷயம் தெரிஞ்சவங்களும் இருக்காங்க.

அயிரை_அக்கா · 9:34
ரொம்ப சந்தோஷம் சார்.

திருப்பூர்_கெண்டை · மதியம் 1:05
அக்கா, பெரியப்பாவோட கூலிங் கிளாஸ் வச்சுப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்க கறுப்பு. அடிக்கண்ணாடியில சிறுத்தைத் தோல் மாதிரி திட்டுத் திட்டா!! கடைக்காரர்கிட்ட கேட்டா, "வெயிட் தாங்கட்டும்னு அடிக்கு டஃபன் ஆர்டர் போட்டேன் சார்"ங்கறார். கை நடுங்குது. பின்னாலதான் போடறேன். நிப்பிள் அளந்தேன், 33. டவுன்ல 35 பிட் கிடைச்சுது.

கொளத்தூர்வாசி · 1:20
அறுத்துட்டு டஃபன் பண்ணலாம்னு நான் மறுக்கலையே. நான் சொன்னது பொதுவா.

விரால் · 1:21
👀

திருப்பூர்_கெண்டை · இரவு 8:47
ரெண்டும் போட்டாச்சு. ஒவ்வொண்ணுக்கும் 20 நிமிஷம் கிட்ட ஆச்சு. ரெண்டாவதுல உள்பக்கம் நகக்கண் அளவு சிப்பு, வாஷர் மூடிடும்னு நினைக்கிறேன். ஆனா தண்ணி ஊத்தினா நிப்பிள் ஓரமா ஒழுகுது. சிலிக்கான் அடிச்சுடவா?

அயிரை_அக்கா · 8:55
வாஷர் எந்தப் பக்கம் போட்டீங்க? நட்டு பக்கமா?

திருப்பூர்_கெண்டை · 8:56
ஆமா

அயிரை_அக்கா · 8:59
அதான். ரப்பர் வாஷர் தலைப் பக்கம் வரணும், அகலமான தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல. நட்டு பக்கம் போட்டா மரை வழியா தண்ணி கசியும். கையால இறுக்கி, அப்புறம் கால் சுத்து மட்டும். ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டாதீங்க, ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பிடும். சிலிக்கான் வேணாம்.

கண்ணாடிக்கடை_பேரன் · 9:04
சிலிக்கான் அடிச்சா நல்லதுதான்.

திருப்பூர்_கெண்டை · திங்கள், காலை 7:10
நின்னுடுச்சு. தேங்க்ஸ்க்கா. டூட்டிக்குக் கிளம்பறேன், போட்டோ அப்புறம் போடறேன்.

விரால் · வியாழன்
போட்டோ?

அயிரை_அக்கா · அடுத்த செவ்வாய்
தம்பி, சிப்பு இருந்த பக்கம் எப்படி இருக்கு? கரண்ட் போனப்ப சம்ப் தாங்குச்சா?

நாமக்கல்_ஜிலேபி · 3 மாதம் கழித்து
வணக்கம் நண்பர்களே. எனக்கும் இதே மாதிரி ஓட்டை போடணும், 6 அடி. அவசரம்.

கொளத்தூர்வாசி
தேடல் பெட்டி.